எவ்வளவு இருக்கு, எவ்வளவு எடுக்கலாம்

"ஏம்மா, கணக்குல எவ்ளோ இருக்கு?"

"ஒரு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரத்து எழுநூத்தி நாப்பது இருக்குங்கய்யா."

2023 ஜூன் 9, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி வாக்கில் எங்கள் வங்கிக் கிளையின் கவுண்டரில் நடந்த பேச்சு இவ்வளவுதான். கேட்டவர் கடலூர் முதுநகரில் மீன்வலையும் கயிறும் விற்கிறவர். பதில் சொன்னது நான். திரையில் இருந்த தொகையை ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். அவர் பாஸ்புக்கில் ரப்பர் பேண்டை மாட்டிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "சரிம்மா" என்று கிளம்பினார். திங்கட்கிழமை அவர் கொடுத்திருந்த 1,65,000 ரூபாய் செக் ரிட்டர்ன் ஆனது.

அந்தப் பதிலை எத்தனையோ முறை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தப்பு எங்கே நடந்தது என்று தேடினால் ஒவ்வொரு முறையும் வேறொரு இடம் தட்டுப்படுகிறது.

திரையில் அன்று இருந்தது ஒரு தொகை மட்டும் அல்ல. மேல்வரியில் மொத்த இருப்பு, 1,94,740. அதற்குக் கீழே கிளியராகாத தொகை, 1,36,000. அடுத்து லியன், அதாவது கணக்கிலேயே தடுத்து வைத்த தொகை, சைபர். ஓ.டி. லிமிட், அதாவது இருப்புக்கு மேல் எடுக்க வங்கி அனுமதித்த கடன் வரம்பு, சைபர். கடைசி வரியில் எடுக்கக்கூடிய இருப்பு, 58,740. ஐந்து வரியும் ஒரே எழுத்தளவு, ஒரே நிறம். கண் மேல்வரியில் விழுந்தது, வாய் அதைப் படித்தது. பின்னால் பதினான்கு டோக்கன் காத்திருந்தது என்று சொல்லலாம். ஆனால் கடைசி வரியைப் படிக்கவும் அதே இரண்டு விநாடிதான் ஆகும்.

அந்த 1,36,000 எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், அன்று காலை பத்தரைக்கு அதை வாங்கிப் பதிவு செய்தவளே நான்தான். விசைப்படகுக்காரர் ஒருவர் கொடுத்த செக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள், வலை மாற்றுவார்கள். கடைக்காரருக்கு அதுதான் பெரிய வியாபாரம். சரக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய நேரமும் அதுவே. வலைக் கம்பெனி ஏஜென்ட் கடையில் உட்கார்ந்திருக்கிறார், இவர் செக் எழுதப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

செக்கைப் பதிவு செய்தவுடன் வரவு எழுதிவிடுவது எங்கள் மென்பொருளின் முறை. வரவு ஏறும், மொத்த இருப்பு கூடும், பாஸ்புக்கை மிஷினில் விட்டால் அச்சும் ஆகும். ஆனால் அந்த வரவின் மேல் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கும். செக் கொடுத்தவரின் வங்கி, பணம் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும்வரை அது விலகாது. சேர வேண்டிய பணம் பதிவில் சேர்ந்துவிட்டது, கைக்கு வரவில்லை. இதைத்தான் கிளியராகாத தொகை என்கிறோம். மொத்த இருப்பிலிருந்து இதையும் லியனையும் கழித்து, ஓ.டி. இருந்தால் அதன் லிமிட்டைக் கூட்டினால் எடுக்கக்கூடிய இருப்பு வரும். கணக்கு இவ்வளவுதான். பள்ளிப் பிள்ளை போடும் கழித்தல். ஆனாலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒவ்வொரு கிளையிலும் இந்தக் கழித்தல் தெரியாமல் செக் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறது.

தாழ்ப்பாள் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செக்கைப் படமாக அனுப்பும் சி.டி.எஸ். முறை வந்த பிறகு செக் தாள் ஊர் ஊராகப் பயணம் போவதில்லை. தாள் வாங்கிய கிளையிலேயே தங்கிவிடும், ஸ்கேன் எடுத்த படம்தான் போகும். 2023-இல் நடைமுறை என்னவென்றால், வெள்ளிக்கிழமை போட்ட செக்கின் படம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டாகப் போகும். மறு வேலை நாளில் எதிர் வங்கி, அதாவது செக் கொடுத்தவரின் வங்கி, கையெழுத்து, தேதி, எழுத்தில் எழுதிய தொகை, அவர்கள் கணக்கில் உள்ள இருப்பு எல்லாவற்றையும் பார்க்கும். திருப்புவதென்றால் அன்றே குறிப்பிட்ட நேரத்துக்குள் திருப்ப வேண்டும். அந்த நேரம் தாண்டினால்தான் எங்கள் பக்கம் தொகை விடுபடும். சாதாரண வாரத்தில் இது ஒரு நாள். அந்த வாரம் சனிக்கிழமை இரண்டாம் சனி. 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி இல்லை. ஆக வெள்ளிக்கிழமை போட்ட செக்குக்கு மறு வேலை நாள் திங்கட்கிழமை, 12-ஆம் தேதி.

ஆனால் பற்று அப்படிக் காத்திருக்காது. கடன் தவணையை மாதாமாதம் தானாகப் பிடிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் விடுமுறை நாளிலும் ஓடுகிறது. அதற்கு முன்பு 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமைதான் பிடிப்பார்கள், ஒரு நாள் மூச்சு விடலாம். இப்போது ஞாயிறானாலும் தீபாவளியானாலும் அன்றே பிடிபடும். செக்கில் வர வேண்டிய பணத்துக்கு வேலை நாள் வேண்டும், தவணையாகப் போக வேண்டிய பணத்துக்கு வேண்டாம். வியாபாரிகளிடம் நான் மறுபடி மறுபடி சொல்வது இதைத்தான்: தவணைப் பணத்தைத் தவணை நாளன்று கட்டாதீர்கள், முதல் நாள் சாயங்காலமே கணக்கில் இருக்கட்டும்.

அவருக்கு ஒரு சின்ன சரக்கு வண்டிக் கடன். தவணை 14,850, தேதி 10. இரண்டாம் சனி அன்று காலையில் பிடிபட்டுவிட்டது.

திங்கட்கிழமை காலைக் கணக்கைப் பாருங்கள். 58,740-இல் 14,850 போக எடுக்கக்கூடிய இருப்பு 43,890. கிளியராகாத தொகை அப்படியே 1,36,000. மொத்தம் 1,79,890. ஏஜென்ட் வெள்ளிக்கிழமை மதியமே போட்டுவிட்டதால் 1,65,000 செக்கின் படம் எங்களிடம் வந்து நிற்கிறது. மொத்த இருப்பைப் பார்த்தால் செக்கைத் தாங்கும், தாங்கி 14,890 மிச்சமும் இருக்கும். அவர் மனதில் போட்ட கணக்கும் இதுதான், தவணையைக்கூட மறக்காமல் கழித்திருந்தார். எடுக்கக்கூடிய இருப்பைப் பார்த்தால் 1,21,110 குறைகிறது. மென்பொருள் கீழ்வரியைத்தான் பார்க்கும்.

போதாத செக்குகளின் பட்டியல் காலையில் கிளைக்கு வரும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குப் போன் அடித்து, "பத்தலைங்க, பணம் கொண்டாந்து கட்டுங்க" என்று சொல்வது எங்கள் ஊர்க் கிளைகளில் நெடுநாள் பழக்கம். எந்தச் சட்டமும் அதைச் செய்யச் சொல்லவில்லை. கிளியரிங் பார்த்த அதிகாரி இரண்டு முறை அடித்தார். பதிவாகியிருந்த எண் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. எடுக்கவில்லை. கடைக்கு ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். முதுநகர் ஒன்றும் வேறு மாவட்டம் இல்லை. அந்த நேரம் நான் கேஷில் இருந்தேன், பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. இதை ஒரு சமாதானமாகத்தான் சொல்கிறேன், அது முழுச் சமாதானம் இல்லை என்பதும் தெரியும்.

இன்னொரு வழியும் இருந்தது. கிளியராகாத செக்கின் பேரில் பணம் எடுக்க அனுமதிக்கும் அதிகாரம் மேலாளருக்கு ஒரு வரம்புவரை உண்டு. அதற்கு வாடிக்கையாளர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், செக் கொடுத்தவர் யார், முன்பு அவர் செக் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த நாளுக்கான வட்டி பிடிப்பார்கள். பதினைந்து வருடமாக ஒழுங்காக ஓடும் கணக்கு. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தன் கணக்கில் பணம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிற மனிதர் எதற்காகப் போய் அனுமதி கேட்பார்?

செக் திரும்பியது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் படகுக்காரரின் 1,36,000 தாழ்ப்பாள் நீங்கி வந்து சேர்ந்தது.

ரிட்டர்ன் மெமோ கையகலத் தாள். செக் எண், தேதி, தொகை, காரணக் குறியீடு. 01 என்றால் போதிய பணம் இல்லை. 03 என்றால் போட்ட செக்குகள் இன்னும் கிளியராகவில்லை, மீண்டும் போடவும். இவருடையதில் 03 இருந்தது. மெமோவைப் படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒன்று இல்லாமை, மற்றொன்று நேரம். வலைக் கம்பெனிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: செக் திரும்பிவிட்டது. மெமோவில் 03 இருந்தால் சட்டம் தொடாது என்றும் யாரும் நினைத்துவிடக் கூடாது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில், செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பெற்றவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு எழாது. கொடுக்காவிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இருமடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். இவர் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டார்கள், பாஸானது. எங்கள் பக்கம் ரிட்டர்ன் சார்ஜும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்தோம். ஏஜென்டின் வங்கி அவரிடம் பிடித்ததையும் இவர் தலையில்தான் எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி இவரிடம் செக் வாங்குவதை நிறுத்திவிட்டது. நெஃப்டில், அதாவது கணக்கிலிருந்து கணக்குக்கு நேராக அனுப்பும் முறையில், பணம் ஏறினால்தான் சரக்கு லாரியில் ஏறும்.

செவ்வாய்க்கிழமை வந்தார். சத்தம் போடவில்லை. சட்டைக் கையில் நைலான் நூல் பிசிறு ஒட்டியிருந்தது, கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"நீ இருக்குன்னு சொன்னியேம்மா."

"இருந்துச்சுங்கய்யா, ஆனா கிளியர் ஆகல."

"அப்ப இல்லன்னுதான சொல்லியிருக்கணும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. மூன்று வரி முன்பாகப் பதிவேட்டில் அவரே போட்ட செக் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் போட்ட செக் பணமாகிவிடாது என்பது நாற்பது வருட வியாபாரிக்குத் தெரியாதா என்பதுதான் அந்தப் பதில். கிளையில் அன்று மாலை சக ஊழியர்கள் எல்லோரும் இதையே சொன்னார்கள். நீ சரியாகத்தான் சொன்னாய், அவர்தான் யோசித்திருக்க வேண்டும். எனக்கும் இதமாக இருந்தது. இரவு படுத்த பிறகு அந்த இதம் நிற்கவில்லை.

நம் பேச்சில் இருக்கு என்ற சொல்லுக்கு என்ன பொருள்? வீட்டில் அரிசி இருக்கா என்று கேட்டால், உலை வைக்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். மளிகைக் கடையில் சொல்லிவைத்து நாளை வரப்போகிற மூட்டையைச் சேர்த்து யாரும் அரிசி இருக்கு என்று சொல்ல மாட்டார்கள். அவர் கேட்டது அந்த இருக்கு. நான் சொன்னது பேரேட்டின் இருக்கு. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னோம். அதற்குள் வேறு வேறு பொருளை வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை பகலில் கீழ்வரியைப் படித்திருந்தால், ஏன் குறைகிறது என்று அவர் கேட்டிருப்பார். சொல்லியிருப்பேன். அவருக்கு நல்ல வழிகள் இருந்தன. செக்கில் 13-ஆம் தேதி போட்டுக் கொடுத்திருக்கலாம். தேதிக்கு முன்னால் செக்கைப் பாஸ் செய்ய மாட்டார்கள், செல்லும் காலமும் அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம். அல்லது 40,000-க்கு அன்றைய தேதியில் ஒரு செக், மீதி 1,25,000-க்கு 13-ஆம் தேதியில் ஒரு செக். அல்லது படகுக்காரரிடம், செக் வேண்டாம், நெஃப்ட் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். பெரிய தொகை அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். முறை 1,36,000-க்கு ஆகாது, அதற்குக் குறைந்தது இரண்டு லட்சம் வேண்டும். நெஃப்டுக்கு அந்த வரம்பு இல்லை. 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் எந்நேரமும் அரைமணிக்கு ஒரு கட்டாகப் போகிறது. மதியம் போட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் இல்லாத பணமாக வந்து சேர்ந்திருக்கும். நெஃப்டில் வருவது எடுக்கக்கூடிய பணம், செக்கில் வருவது நிபந்தனையோடு வரும் வரவு. பாஸ்புக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் அச்சாகும்.

பாஸ்புக் நம் ஊரில் வேதம். அதில் இருப்பது மொத்த இருப்பு மட்டும்தான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். லியன் பாஸ்புக்கில் தெரியாது. லியன் என்பது பற்று அல்ல, பணம் கணக்கை விட்டுப் போகவில்லை, ஆனால் அதைத் தொட முடியாது. வரி ஏறாததால் அச்சும் ஆகாது. ஐ.பி.ஓ. எனும் புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் பங்கு ஒதுக்கும்வரை அந்தத் தொகை நிற்கும், இதில் ஆபத்து இல்லை, சில நாளில் விடுபடும். வருமான வரித் துறையோ ஜி.எஸ்.டி. அலுவலகமோ நீதிமன்றமோ உத்தரவு அனுப்பினால் நிற்கும். கட்டாமல் சேர்ந்த சார்ஜுக்காகவும் நிற்பதுண்டு. அடுத்து எந்தப் பணம் வந்தாலும் முதலில் அது பிடித்துக்கொள்ளும். புதுச்சேரிப் பக்கம் விடுதியில் அறை எடுக்கும்போது டெபிட் கார்டைத் தேய்த்தாலும் ஒரு தொகை தடுத்து வைக்கப்படலாம். அறையைக் காலி செய்து ஊர் திரும்பிய பிறகும் சில நாள் அது விலகாமல் இருக்கும்.

இப்போது அதிகம் வருவது வேறு. எங்கோ யாரையோ ஏமாற்றிப் பறித்த பணத்தில் ஒரு சிறு பங்கு நாலு கணக்கு மாறி, கியூ.ஆர். வழியாக ஒரு டீக்கடைக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் சொன்னதும் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளிலெல்லாம் லியன் விழும். டீக்கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. பாஸ்புக்கில் பணம் இருக்கும், ஏ.டி.எம்.மில் வராது. கிளையில் எங்களால் அந்த லியனை நீக்க முடியாது, எங்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. கிளையில் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: புகார் எண், எந்த ஊர்க் காவல் நிலையம் என்ற விவரம். அதை வைத்துக்கொண்டு அங்கே, டீ விற்ற பணம்தான் என்று காட்டி விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். இதையெல்லாம் கவுண்டரில் ஒரு டோக்கன் நேரத்தில் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யு.பி.ஐ.யில் நம் கணக்கில் பிடிபட்டு எதிராளிக்குப் போகாமல் நின்ற பணம் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியதாக இருந்தால் ஐந்து நாள். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் பிடிபட்டாலும் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்காமலே தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கிறது என்றால் கேளுங்கள்.

ஓ.டி. கணக்கில் தப்பு எதிர்ப்பக்கம் நடக்கும். அங்கே எடுக்கக்கூடிய இருப்பு மொத்த இருப்பைவிடப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் வங்கியின் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. அனுமதித்தது ஐந்து லட்சம் என்பதால் ஐந்து லட்சம் எடுக்கலாம் என்றும் இல்லை. கடையில் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு நாலு லட்சத்துக்கு இருக்கிறது, மார்ஜின், அதாவது கடைக்காரர் தன் பங்காகப் போட வேண்டியது, 25 சதவீதம் என்றால் எடுக்கும் வரம்பு மூன்று லட்சம்தான். ஏற்கெனவே 1,80,000 எடுத்திருந்தால் மீதி 1,20,000. மாதாந்திர சரக்குப் பட்டியல் கொடுக்கத் தவறினால் அந்த வரம்பும் சுருங்கும். அலைபேசியில் எடுக்கக்கூடிய இருப்பு என்று வரும் பெரிய தொகையைத் தன் பணம் என்று நினைத்து வீட்டு விசேஷத்துக்குச் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆக, கீழ்வரியைப் படி என்று எல்லோருக்கும் ஒரே விதியாகச் சொல்லவும் முடியாது.

ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் இருப்பு கேட்பவர்களிடம், "எதுக்குங்க கேக்குறீங்க, செக் எதுவும் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். சரியான கேள்வி என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் நீடித்தது. ஒரு பெண், பின்னால் மாமியார் நிற்கிறார், குரலைத் தாழ்த்தி, "என் பணத்த எதுக்குக் கேக்குறேன்னு உங்ககிட்ட சொல்லணுமா மேடம்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தொகையை வாய்விட்டுச் சொன்னதும் தவறுதான். வலைக்கடைக்காரருக்கும் நான் ஒரு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரம் என்று பதினான்கு பேர் காதில் விழும்படி சொல்லியிருந்தேன்.

இப்போது சலானின் பின்பக்கத்தில் இரண்டு தொகை எழுதித் தருகிறேன். மேலே மொத்தம், கீழே எடுக்க. யாரையும் எதற்கு என்று கேட்பதில்லை. இது போதுமா என்றால், பலர் பெரிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துக்கொள்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்குப் பாதுகாப்பு. அவர்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று தெரியவில்லை.

2025 அக்டோபர் 4 முதல் கிளியரிங் முறையே மாறிவிட்டது. பகலில் ஸ்கேன் செய்த செக் உடனுக்குடன் எதிர் வங்கிக்குப் போகிறது. அவர்கள் மாலை ஏழு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாஸ் என்றே கொள்ளப்படும். மணிக்கொரு முறை வங்கிகளுக்குள் செட்டில்மென்ட், அது முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்கு வரவு. அன்றைக்கு இந்த முறை இருந்திருந்தால் படகுக்காரர் செக் வெள்ளிக்கிழமை இரவே பணமாகியிருக்கும். அப்படிச் சொல்லித்தான் சிலர் மகிழ்கிறார்கள். ஆனால் ஏஜென்ட் மதியம் போட்ட செக்கும் அதே வெள்ளிக்கிழமை மதியமே எங்கள் முன்னால் வந்து நின்றிருக்கும். இன்று செக் கொடுத்தால் பிடிபட இரண்டு நாளாகும், அதற்குள் பணம் போட்டுவிடலாம் என்று வியாபாரிகள் தலைமுறையாக வைத்திருந்த கணக்கு இனி இல்லை. எழுதும் நிமிஷத்தில் கீழ்வரியில் பணம் இருக்க வேண்டும். காலையில் பட்டியலைப் பார்த்துப் போன் அடிக்க எங்களுக்குக் கிடைத்துவந்த அவகாசமும் சுருங்கிவிட்டது. வேகம் கூடியதில் யாருக்கு லாபம் என்று கேட்டால், பணம் வாங்குகிறவருக்கு என்பேன். கொடுக்கிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அவர் கணக்கை மூடவில்லை. மகன் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் பதிவு செய்துகொண்டார், அதற்கான படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். போன மாதம் வந்து அதே சொற்களில் கேட்டார்.

"ஏம்மா, எவ்ளோ இருக்கு?"

சலானில் இரண்டையும் எழுதி நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இரண்டையும் பார்த்தார்.

"இதுல எதும்மா நெசம்?"

"கீழ இருக்கறதுதாங்கய்யா."

அவர் போய் மூன்று டோக்கன் தாண்டிய பிறகு சுவரில் இருந்த காலண்டர் கண்ணில் பட்டது. தேதி 9. நாளைக்கு வண்டித் தவணை. கீழ்வரிக்கு நாளைய தவணை தெரியாது. அவர் எழுதிக்கொடுத்து இன்னும் யாரும் வந்து போடாத செக்கும் அதற்குத் தெரியாது. அதுதான் நிஜம் என்று நான் சொன்னதும் பாதிதான். கவுண்டரில் அடுத்தவரை நிற்கச் சொல்லிவிட்டு அவருடைய எண்ணுக்கு அடித்தேன். இரண்டாவது மணியில் அவரே எடுத்தார்.

"ஐயா, நாளைக்குப் பத்தாம் தேதி. நான் சொன்னதுல பதினாலாயிரத்து எண்ணூத்தி அம்பதக் கழிச்சுக்கணும்."

"கழிச்சுட்டேம்மா," என்றார். "அன்னிக்கும் கழிச்சுதாம்மா வச்சிருந்தேன்."